எலிக்கு உண்டு, எனக்கு இல்லை

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை இருக்கும். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டவொர்த்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வயிறு முற்றின தேங்காய் போல இறுகியது. ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு இளகியது. வலி என்று சொல்ல முடியாது, இறுக்கம்தான். அப்போது நான் 31 வாரக் கர்ப்பிணி.

“சூட்டு வலியா இருக்கும். சீரகத் தண்ணி வச்சுத் தர்றேன், குடிச்சிட்டுப் படு,” என்றார் அம்மா.

குடித்தேன், படுத்தேன். பத்து மணிக்கு மேல் எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தது. சீரகத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நிறைய பேருக்கு அதைக் குடித்ததும் அடங்கிவிடுகிறது. கொதித்து ஆறும் நேரத்துக்குள் தானாகவும் அடங்கியிருக்கலாம், யார் கண்டது. எனக்கு அடங்கவில்லை.

குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதிக்காகத் தீவுப் பக்கத்து மருத்துவமனைக்கே போய்விடலாம் என்று பினாங்குப் பாலம் ஏறினோம். 13.5 கிலோமீட்டர். 1985ல் பாலம் திறந்த புதிதில் அப்பா மோட்டார் சைக்கிளில் அம்மாவை உட்காரவைத்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பிய கதையை, அதன்மேல் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்வது வழக்கம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நான் கைத்தொலைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு வந்தேன். பாலத்தின் மேல் மட்டும் இரண்டு.

வார்டில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினார்கள். இயந்திரத்திலிருந்து வந்த தாளில் மலை மலையாகக் கோடு. மிஸி, அதாவது தாதி, ஒரு மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். அட்டையில் இருந்த பெயரை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். நிஃபெடிபின்.

“இது உங்க அப்பா போடுற ப்ரெஷர் மாத்திரையாச்சே?”

“சாமா, ஆன்ட்டி. தாப்பி குனா லாயின்,” என்றார் மிஸி. அதேதான், உபயோகம்தான் வேறு.

இந்த நான்கு மலாய்ச் சொல்லில் இருக்கிற சமாச்சாரத்தைத்தான் நான் முதுகலையில் இரண்டு வருடம் படித்தேன். கருப்பைக்கும் கால்சியத்துக்கும் என்ன உறவு, அந்த உறவை எந்த ஹார்மோன் நடத்துகிறது என்பது என் ஆய்வு. ஆய்வு எலியில். இப்போது கட்டிலில் கிடந்தது நான். அரை மணி நேரத்தில் முகம் குப்பென்று சிவந்து தலை இடிக்கத் தொடங்கியதும், படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தூக்கம் வராத இரவில் சிலர் கந்தர் சஷ்டி கவசம் சொல்வார்கள். எனக்குக் கால்சியம்.

ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசையும் கருப்பைச் சுவரில் இருக்கும் தசையும் ஒரே சாதி. நாம் நினைத்து அசைக்க முடியாத மென்தசை. இரண்டும் சுருங்க வேண்டுமானால் வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வர வேண்டும். அது வரும் கதவை நிஃபெடிபின் அடைக்கிறது. ரத்தக்குழாய் தளர்ந்தால் ப்ரெஷர் குறையும், முகம் சிவக்கும், தலை வலிக்கும். கருப்பை தளர்ந்தால் பிள்ளை உள்ளேயே இருக்கும். இருந்தால் எத்தனை நாள்? பெரும்பாலும் இரண்டு நாள் கிடைத்தால் போதும் என்றுதான் இந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அதற்குள் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பிள்ளையின் நுரையீரலைத் தயார் செய்துவிடும். எனக்கும் போட்டார்கள். மாத்திரையைவிட அந்த ஊசிதான் வலித்தது.

கால்சியம் இல்லாமல் தசை அசையாது என்பது உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு குழாய்த் தண்ணீரால். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் போட்டு அது துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்று. சுத்தமான நீரில் கலந்து கொடுத்ததும் இதயம் அடங்கிப்போனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அத்தனை நேரம் அதை ஓட்டியிருக்கிறது. 1883ல் அதை எழுதி வெளியிட்டார். அன்று என் தலைமாட்டில் தொங்கிய ஹார்ட்மன் பாட்டில், ரிங்கரின் கரைசலில் லாக்டேட் சேர்த்ததுதான். 140 வருடத்துக்கு முந்திய தவளைக்கும் என் கைநரம்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்.

கால்சியம் நல்லது என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பேச்சில் அது சுண்ணாம்புச் சத்து. எலும்புக்கு நல்லது, பல்லுக்கு நல்லது. ஆனால் ஒரு செல்லைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ரத்தத்தில் கட்டுப்படாமல் திரியும் கால்சியம் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அளவில் இருக்கிறது. ஓய்வாக இருக்கும் செல்லுக்குள் அதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றச் செல் ராப்பகலாகக் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல. உள்ளே கட்டுமீறித் தங்கினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும், செல்லே செத்துப்போகும். வெளியே அவ்வளவு, உள்ளே இவ்வளவு என்று இருப்பதால்தான், கதவு ஒரு கணம் திறந்தாலும் போதும், உள்ளே போகும் கொஞ்சமே பெரிய சேதியாகிவிடுகிறது.

அந்தச் சேதியை வாங்கிக்கொள்வது கால்மோடுலின் என்ற புரதம். நான்கு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டதும் அது வடிவம் மாறும். மாறிய வடிவத்தோடு போய் ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். நொதி, தசையை இழுக்கும் புரதமான மயோசினின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். தசை சுருங்கும். என் வயிறு தேங்காயானது இப்படித்தான்.

பிடிப்பது என்று சொன்னேன். அது வெறும் உவமை இல்லை. 1973ல் ராபர்ட் கிரெட்சிங்கர் என்பவரும் உடன் ஆய்வு செய்தவரும் கெண்டை மீனின் தசையிலிருந்து எடுத்த பார்வால்புமின் என்ற புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார்கள். கால்சியம் உட்காரும் இடம் ஒரு கைபோல இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, மற்ற மூன்று விரலையும் மடக்கிப் பாருங்கள். ஒட்டுக்கடையில் தே தாரிக்குச் சீனி கொஞ்சம் போதும் என்று காட்டுவோமே, கிட்டத்தட்ட அந்தச் சைகை. நீட்டிய விரல்கள் இரண்டும் புரதத்தின் இரண்டு சுருள்கள். மடங்கிய விரல்களின் வளைவில் கால்சியம். சுருள்களுக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் ஈ, எஃப். அதனால் இந்த அமைப்புக்கு ஈஎஃப் கை என்று பெயர். கால்மோடுலினுக்கு இப்படி நான்கு கை.

நான் ஆய்வு செய்த புரதத்துக்கு இரண்டு கைதான். கால்பைண்டின்-டி9கே. 9 என்பது அதன் எடை, 9 கிலோடால்டன், புரதங்களில் பொடிசு. இது கால்மோடுலின் போலச் சேதி கொண்டுபோகும் ஆள் கிடையாது. கால்சியத்தைப் பிடித்துவைக்கும், செல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சுமந்து போகும், நடுவில் அது எதையும் தொட்டுக் கலைக்காமல் பார்த்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் குழந்தைகளைக் கட்டி மேய்க்கும் ஒரு சித்தி இருப்பாரே, அந்த வேலை.

இதன் மூத்த உறவுக்காரரைக் கண்டுபிடித்தது 1966ல். அமெரிக்காவில் வாசர்மன், டெய்லர் என்ற இருவர், விட்டமின் டி குறைந்த கோழிக்குஞ்சுகளுக்கு அந்த விட்டமினைக் கொடுத்தபோது குடலில் புதிதாக ஒரு புரதம் தோன்றுவதைப் பார்த்தார்கள். அது டி28கே. பாலூட்டிகளின் குடலில் அதே வேலையைச் செய்வது சின்னவரான டி9கே. விட்டமின் டி சொன்னால் குடல் இதை உண்டாக்கும். உணவிலிருந்து கால்சியத்தை உள்ளே இழுக்கும். அதனால் ‘விட்டமின் டி சார்ந்த கால்சியம் பிணைப்புப் புரதம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்த பிறகு இதே புரதம் எலியின் கருப்பையிலும் ஏராளமாக இருப்பது தெரிந்தது. அங்கே விட்டமின் டி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அசைந்து கொடுப்பதில்லை. கருப்பையில் அது கேட்பது சினைப்பை சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் பேச்சைத்தான். சினைப்பையை அகற்றிய எலியின் கருப்பையில் டி9கே காணாமலே போய்விடும். ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் திரும்ப வந்துவிடும். மரபணு ஒன்று, புரதம் ஒன்று. குடலில் ஒரு முதலாளி, கருப்பையில் வேறு முதலாளி. இதைப் படித்த அன்றுதான், ஹார்மோன் கட்டளை போடுகிறது, உடல் கேட்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எழுதிவைத்த படம் எனக்குக் கலைந்தது. எந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பது என்பதை அந்தந்தத் திசுதான் முடிவு செய்கிறது.

ஆய்வுக்கூடத்தில் என் முதல் மூன்று மாதமும் வெற்றுத் தாள். ஊசி போட்ட எலிக்குக் கருப்பை உப்பியிருக்கும், எடை கூடியிருக்கும், புரதம் மட்டும் தெரியாது. மின்சாரம் கொடுத்து ஜெல் என்ற கூழிலிருந்து புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி, என் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் போட்டு, கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று இருட்டறையில் காத்திருப்பேன். பட்டை வராது. ஊசி மருந்தைச் சந்தேகப்பட்டேன், எதிர்ப்பொருளைச் சந்தேகப்பட்டேன், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்ச் சிதறுதேங்காய்கூட உடைத்தேன். கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த சீனத் தோழி என் சவ்வின் பெட்டியை எடுத்து அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாள். 0.45 மைக்ரான் துளை. என் பொடிசு அந்தத் துளை வழியாகவே நழுவி மறு பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நெத்திலிக்குச் சுறா வலை போட்டிருக்கிறேன். 0.2 மைக்ரான் சவ்வு வாங்கிய வாரம் பட்டை வந்தது. ஈஸ்ட்ரோஜன் போட்ட எலிக்குக் கரியால் இழுத்த மாதிரி, போடாத எலிக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன் எங்கே போய்ப் பேசுகிறது என்பதைத் தமிழில் சொல்வதுதான் சுலபம் என்று எனக்குத் தோன்றும். விகடகவி என்று சொல்லிப் பாருங்கள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்று. செய்யுளில் இதற்கு மாலைமாற்று என்று பெயர். ஈஸ்ட்ரோஜனை ஏந்திக்கொண்டு வரும் ஏற்பி, மரபணுவில் இப்படி ஒரு மாலைமாற்றைத் தேடித்தான் உட்காரும். ஒரே ஒரு வித்தியாசம், டிஎன்ஏ இரட்டை இழை. அதனால் ஒரு இழையில் முன்னாலிருந்தும் எதிர் இழையில் பின்னாலிருந்தும் படிக்க வேண்டும். எலியின் டி9கே மரபணுவில் இருக்கும் மாலைமாற்று கொஞ்சம் பிசகியது, எழுத்து சரியாகப் பொருந்தாது. இருந்தாலும் ஏற்பி அதில் உட்கார்ந்துவிடுகிறது. அரைகுறைக் கவிதைக்கும் கைதட்டும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு.

சரி, எலியில் ஈஸ்ட்ரோஜன். சுண்டெலியில்? அதன் கருப்பையில் இதே புரதத்தை ஏற்றுவது புரோஜெஸ்டிரோன். எலிக்கும் சுண்டெலிக்கும் இடையில் நமக்குத் தெரியும் வித்தியாசம் வாலும் பருமனும்தான். உள்ளே முதலாளியே மாறிவிட்டார். புரோஜெஸ்டிரோன்தான் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன். எனவே சுண்டெலியில் கரு வந்து ஒட்டும் நேரத்தில் இந்தப் புரதத்துக்கு வேலை இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு குழு 2004ல் அதைச் சோதித்து வெளியிட்டது. டி9கேயை மட்டும் தடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. டி28கே இல்லாத சுண்டெலியில் டி9கேயையும் தடுத்தபோது கரு ஒட்டவில்லை. இருவரில் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், இருவரும் இல்லையென்றால்தான் காரியம் கெடும். அப்புறம் டி9கே மரபணுவையே எடுத்துவிட்டு வளர்த்த சுண்டெலிகளும் வந்தன. நன்றாகத் தின்றன, குட்டி போட்டன. நான் இரண்டு வருடம் துரத்திய புரதம் இல்லாமல் ஒரு விலங்கு சௌக்கியமாக இருக்கிறது என்று படிப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இப்போது மனுஷிக்கு வருவோம். நமக்கும் அந்த மரபணு இருக்கிறது, எக்ஸ் குரோமோசோமில். ஆனால் எலிக்கு மாலைமாற்று இருக்கும் இடத்தில் நமக்கு எழுத்துகள் இன்னும் மாறிக் கிடக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அங்கே உட்காருவதில்லை. டி9கே நமக்குக் குடலில் உண்டு. எலிக்கு இருப்பதுபோலக் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்டு அது பெருகுவதில்லை. ஆக, இயந்திரத் தாளில் மலை மலையாகக் கோடு வந்த அந்த இரவில், எந்தப் புரதத்தைப் பற்றி நான் 120 பக்கம் எழுதினேனோ அது என் கருப்பையில் காவலுக்கு நிற்கவில்லை. காவலுக்கு நின்றது அப்பாவின் மாத்திரை.

விடியற்காலை நான்கு மணிக்குக் கோடு தாழ்ந்தது. மறுநாள் முழுக்கப் படுத்தே இருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மா ஒரு முடிவோடு இருந்தார். சத்து இல்லாததால்தான் இப்படி ஆயிற்று என்பது அவர் கட்சி. காலையில் ராகிக் கூழ், மத்தியானம் முருங்கைக்கீரை, ராத்திரி நெத்திலிச் சம்பல். கிளினிக்கில் கொடுத்த கால்சியம் லாக்டேட் மாத்திரையும் இருந்தது. 300 மில்லிகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு நிம்மதி. அதில் நிஜமான கால்சியம் 13 சதவீதம்தான், ஒரு மாத்திரைக்கு 39 மில்லிகிராம். மிச்சமெல்லாம் லாக்டேட்டும் தண்ணீரும். அம்மாவின் ராகி 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் சளைத்ததில்லை. இதைச் சொன்ன நாளிலிருந்து கூழின் அளவு கூடிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது. (இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். கால்சியம் இரும்பைச் சரியாக உள்ளே விடாது.)

ஆனால் அம்மாவின் கட்சி சரியில்லை. நான் சத்துக் குறைவாகச் சாப்பிட்டதால் கருப்பை இறுகவில்லை. பால், மீன் எதுவும் அதிகம் கிடைக்காத சமூகங்களில் கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 கிராம் வரை கால்சியம் கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ப்ரெஷர் ஏறி வரும் கர்ப்ப வலிப்பு நோயைத் தடுக்க. வேறு கதை.

பிள்ளைக்குப் போகும் கணக்கு இப்படி. பிறக்கும் குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்தில் போய்ச் சேருகிறது. அந்த நாட்களில் நாளொன்றுக்குக் கால் கிராமுக்கு மேல் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி இழுக்கும். சும்மா வழிந்து போவதில்லை, பம்ப் போட்டு ஏற்றுவதுதான். பிள்ளையின் ரத்தத்தில் கால்சியம் தாயைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. எலியில் இந்த நேரத்தில் நஞ்சுக்கொடியின் டி9கே பல மடங்கு எகிறும். 22 நாள் கர்ப்பத்தில் கடைசி வாரம்தான் அதற்குப் பரபரப்பு.

தாய் இதைச் சமாளிப்பது குடலால். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, பிள்ளைக்கு எலும்பு என்று சொல்ல ஒன்றுமில்லாத பன்னிரண்டாவது வாரத்திலேயே, தாயின் குடல் கால்சியத்தை இரண்டு மடங்கு உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. வாந்தி எடுத்துக்கொண்டு, எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு, பாசாரில் மீன் பக்கம் தலைவைக்க முடியாமல் நான் அலைந்த அந்த வாரங்களில், உள்ளே யாரோ மாமியார் மாதிரி மளிகைச் சாமான் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டி9கே அப்போது என்னிடம் வேலை செய்தது. கருப்பையில் தேடினேன், அது குடலில் இருந்தது.

இவ்வளவு எழுதிவிட்டுப் பாட்டியின் கோழியைச் சொல்லாமல் விட முடியாது. நிபோங் திபாலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டின் பின்னால் பாட்டி கோழி வளர்த்தார். எப்போதாவது ஒரு கோழி தோல் முட்டை போடும். ஓடே இருக்காது, தொட்டால் நீர் நிறைந்த பலூன் மாதிரி அமுங்கும். பாட்டி முட்டை ஓடுகளை வறுத்துப் பொடித்துத் தவிட்டில் கலந்து வைப்பார். நான்கைந்து நாளில் சரியாகிவிடும். கோழிக்கு ஓடு உண்டாவது கருப்பையில்தான். அங்கே முட்டை இருபது மணி நேரம் போலத் தங்கும். அதற்குள் ஏறக்குறைய 2 கிராம் கால்சியத்தை அதன்மேல் பூச வேண்டும். என் பிள்ளை ஒன்பது மாதத்தில் வாங்கியதைக் கோழி பதினைந்து முட்டையில் கொடுத்துவிடுகிறது. இரவில் தீனி கிடைக்காது என்பதால், முட்டைக்காலம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் அதன் கால் எலும்பின் உள்ளே தனியாக ஒரு சேமிப்பு எலும்பையே கட்டிவைக்கிறது. இரவெல்லாம் அதைக் கரைத்துத்தான் ஓடு. அந்தக் கருப்பைச் சுவரில் கால்சியத்தைக் கைமாற்றிவிடும் கூட்டத்தில் டி28கேயும் உண்டு, வாசர்மன் கோழிக்குஞ்சின் குடலில் பார்த்த அதே ஆள். பாட்டிக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, எந்தக் கோழிக்கு ஓடு குறைகிறது என்று சரியாகச் சொல்வார்.

எனக்கு 39 வாரம் ஓடியது. பயந்ததற்கு எதிராக, நாள் நெருங்கியும் வலி வரவில்லை. எலிக்கு என்றால் பிரசவத்துக்கு முன்னால் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்கும்; பூட்டு கழன்று கருப்பை விழித்துக்கொள்ளும். மனுஷிக்கு இறங்குவதில்லை. ஹார்மோன் நிறைந்தே இருக்கும், கருப்பை அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். ஏற்பியின் வகை மாறுகிறது, குரல் அதேதான், காது மாறிவிட்டது. இங்கேயும் எலி ஒரு வழி, நான் ஒரு வழி. கருப்பைச் செல்கள் ஒன்றோடொன்று வாசல் திறந்து சேர்ந்துகொள்ளும், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினுக்கான ஏற்பிகள் பெருகும். எனக்கு அதற்குமேல் நகரவில்லை. அதனால் ஆக்சிடோசின் டிரிப் போட்டார்கள்.

31வது வாரத்தில் கால்சியக் கதவை அடைக்க மாத்திரை, 39வது வாரத்தில் கால்சியத்தைக் கிளப்பிவிட டிரிப். ஆக்சிடோசின் வெளியிலிருந்தும் கால்சியத்தை வரவைக்கும், செல்லுக்குள் தனி அறையில் பூட்டி வைத்திருப்பதையும் அவிழ்த்துவிடும். அதன் பலத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எழுத்தில் வராது. ஏழு மணி நேரம். கால்மோடுலின் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

பிள்ளை வெளியே வந்த கையோடு தொடையில் இன்னொரு ஆக்சிடோசின் ஊசி போட்டார்கள். நஞ்சுக்கொடி கழன்ற இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். கருப்பைத் தசை இறுகினால்தான், அந்தத் தசைநார்களின் ஊடே ஓடும் குழாய்கள் நெரிபட்டு ரத்தம் நிற்கும். டாக்டர் வயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்த்து, “கெராஸ். பாகுஸ்,” என்றார். கெட்டியாக இருக்கிறது, நல்லது. தேங்காய் போல இறுகுகிறது என்று நான் அழுதுகொண்டு பாலம் கடந்தது எட்டு வாரத்துக்கு முன்னால்.

மகளுக்கு இப்போது ஏழு மாதம். முதல் இரண்டு மாதமும் அம்மா சுறாப்புட்டு செய்து போட்டார், பால் ஊற வேண்டுமென்று. தாய்ப்பால் கொடுக்கும்போது கால்சியத்துக்கு உடம்பு குடலை நம்புவதில்லை. மார்பிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் தாயின் எலும்பிலிருந்தே கொஞ்சம் கரைத்து எடுக்கிறது, பால் மறந்த பிறகு எலும்பு திரும்பக் கட்டிக்கொள்கிறது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ராகி ஞாபகம் இருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் எடுத்துவைத்த பாலைப் புட்டியில் கொடுக்கிறோம். போன வாரம் அம்மா புட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அந்த என்னமோ புரதம், நீ படிச்சியே. அது உனக்கு இருந்துச்சா அன்னைக்கு?”

“இல்லம்மா. கருப்பையில எலிக்குத்தான் இருக்கும்.”

“எலிக்கு இருக்கிறதைப் படிக்கவா ரெண்டு வருஷம் தீவுக்கும் வீட்டுக்கும் அலைஞ்ச?”

பதில் இருந்தது. பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பீனால் ஏ, ஈஸ்ட்ரோஜன் போல வேஷம் போடும் ரசாயனம். ஒரு ரசாயனம் அப்படி வேஷம் போடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், குட்டி எலிக்கு அதைக் கொடுத்துக் கருப்பையில் டி9கே ஏறுகிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல வழி. ஈஸ்ட்ரோஜனுக்கு அவ்வளவு துல்லியமாக ஆடும் புரதம் அது. பிஸ்பீனால் ஏ-க்கும் அது ஏறியது. 2012ல் மலேசியாவில் பால்புட்டிகளில் அந்த ரசாயனத்தைத் தடை செய்தார்கள். உலகம் முழுவதும் சேர்ந்த பல சாட்சியங்களில் எலியின் சாட்சியமும் ஒன்று.

புட்டியை வாங்கிக் கவிழ்த்து, அடியில் பொறித்திருந்த பொடி எழுத்தைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு அது தெரியவில்லை. திரும்ப வாங்கி ஒருமுறை உதறிவிட்டு, பாலை ஊற்றி மூடியைத் திருகினார்.

“பேசிக்கிட்டே நிக்காத. பிள்ளை அழுவுது பாரு.”